திருத்தாமல் நாற்பது நாள்

பிப்ரவரி 17, செவ்வாய்

என் கணவரின் நண்பர் மாலையில் வந்திருந்தார். எங்கள் பழைய கார் நடுவழியில் நின்றுபோன கதையை இவர் ஆரம்பித்தார். கொட்டுகிற மழை என்றார். "மழை இல்லை, தூறல்" என்றேன். இரண்டு மணி நேரம் நின்றோம் என்றார். "நாற்பது நிமிஷம்." உதவிக்கு வந்தது லாரி என்றார். "வேன்."

"பேசாம கதையை அவங்களே சொல்லட்டுமேப்பா" என்றார் நண்பர். எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் தாமதமாக.

அவர் போன பிறகு இவர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நீ திருத்துறதுக்குள்ள சொல்லி முடிச்சிரணும்னுதான் நான் இவ்வளவு வேகமா பேசவே பழகினேன்." நகைச்சுவையாகத்தான் சொன்னார். நகைச்சுவை மாதிரி எனக்குக் கேட்கவில்லை.

தராசுகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது என் பிழைப்பு. அளவுத்திருத்தக் கூடத்தில் இருபத்து மூன்று வருடம். வீட்டுக்கு வந்தால் மட்டும் எங்கே நிறுத்துவது?

பிப்ரவரி 18, புதன்

லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு, தொடங்கிவிட்டது. நெற்றியில் சாம்பலோடு சர்ச்சில் வரிசையில் நின்றேன். விசுவாசத்தில் நான் கடைசி பெஞ்சு, வாசலுக்குப் பக்கத்து இடம். படித்த அறிவியல் அப்படி.

போதகர் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்தார். நாற்பது நாள் எதை விடப் போகிறோம் என்று எழுதிப் பெட்டியில் போட வேண்டும். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் "இனிப்பு" என்று எழுதியதை எட்டிப் பார்த்தேன். நான் எழுதியது: "பிறரைத் திருத்துவதை." பெயர் போடவில்லை. கடவுளுக்குக் கையெழுத்து அடையாளம் தெரியுமென்றால் தெரிந்துகொள்ளட்டும்.

நிபந்தனைகள்: தராசுகள் கணக்கில் வராது. யாராவது தாமாகக் கேட்டால் சொல்லலாம்.

பிப்ரவரி 19, வியாழன்

காலை ஒன்பது மணிக்குள் நான்கு தோல்வி. அதில் ஒன்று, தொலைக்காட்சியில் வானிலை சொன்ன பெண்ணிடம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

நான்கு மணிக்கு மகள் போன் செய்தாள். இவருடைய போனுக்கு. பதினோரு மாதமாக அப்படித்தான். இவர் பால்கனிக்குப் போய் "ம்... அப்படியா... ம்..." என்கிறார். நான் உள்ளே துணி மடிக்கிறேன். என்னிடம் வந்து சேர்வது "அவ நல்லா இருக்கா" என்ற ஒரு வரி.

பதினோரு மாதத்துக்கு முன்னால் நடந்தது இவ்வளவுதான். வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாள். ஒரு சிநேகிதியோடு சேர்ந்து சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைக்கப் போவதாகச் சொன்னாள். நான் கேட்டேன்: "எம்.எஸ்ஸி. முடிச்சிட்டு பஞ்சர் ஒட்டப் போறியா?" அத்தோடு விட்டேனா? இதில் மூன்று தப்பு இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணினேன்.

"அம்மா, நான் இன்னும் சொல்லியே முடிக்கலை" என்றாள்.

இரண்டாவது விரலில் இருந்தேன். நிறுத்தவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

கூடத்தில் பக்கத்து மேசைக்காரிக்கு நான் வைத்திருக்கும் பெயர் வானொலி. அணைக்கப் பொத்தான் கிடையாது. இன்று சாப்பாட்டு வேளையில் முழங்கால் வலிக்கு யாரோ சொன்ன எண்ணெயைப் பற்றிப் பேசினாள். அறிவியல்படி ஏழு பிழை. எண்ணினேன், சொல்லவில்லை. எட்டாவதாக அவள் சொன்னது: "ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. பயமா இருக்கு. அதான் எண்ணெய் எண்ணெய்னு பேசிக்கிட்டிருக்கேன்."

வழக்கமாக நான் முதல் பிழையிலேயே வண்டியை நிறுத்தியிருப்பேன். எட்டாவது வந்திருக்காது.

"என்ன, உனக்கு உடம்பு சரியில்லையா? ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிற" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மார்ச் 4, புதன்

நாக்கு துறுதுறுக்கும்போது உள்ளுக்குள் சொல்லிக்கொள்ள ஒரு வரி வைத்திருக்கிறேன்: "ஆண்டவரே, என் வாயை மூடும்." ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது. இதை ஜெபம் என்று சொன்னால் போதகர் சிரிப்பார். ஆண்டவர் கேட்கிறாரா என்று தெரியவில்லை. வாய் மூடிக்கொள்கிறது. எங்கள் கூடத்து பாஷையில் எழுதினால்: விளைவு உண்டு, காரணம் உறுதியாகவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

எங்கள் வேலையில் முதல் விதி ஒன்று உண்டு. எந்தக் கருவி வந்தாலும் உடனே சரிசெய்யக் கூடாது. முதலில் அது எப்படி வந்ததோ அப்படியே வைத்து அளந்து எழுத வேண்டும். "வந்த நிலை" என்று அதற்குப் படிவத்தில் தனிக் கட்டமே இருக்கிறது. இதுவரை அது எவ்வளவு பிசகாகக் காட்டியது என்று அந்த ஒரு எண்தான் சொல்லும். கையை வைத்துவிட்டால் அந்த எண் போயிற்று, திரும்பக் கிடைக்காது.

இன்று வாசனைத் தைலம் கலக்கும் கடையிலிருந்து ஒரு தராசு வந்தது. பார்த்த உடனே பிசகு தெரிந்தது. அளக்காமலே திருத்தும் பொத்தானை அமுக்கிவிட்டேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்த விதியைச் சொல்லித் தருகிறவளே நான்தான்!

கடைக்கார அம்மாவுக்கு நானே போன் செய்து சொன்னேன். "அப்ப இவ்வளவு நாளா என்ன தப்பா இருந்துச்சுன்னு இனிமே தெரியவே தெரியாதா?" என்றார்.

"தெரியாதுங்க. என் தப்புதான்."

வானொலி கண்ணை விரித்தாள். "நீயா? நீயேவா? காலண்டர்ல வட்டம் போடணுமே!" என்றாள். அத்தோடு விட்டாள். எழுந்துபோய் எனக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தாள்.

மார்ச் 15, ஞாயிறு

போதகர் இன்று அவசரப்பட்டுவிட்டார். இயேசுவின் பாடுகளை நினைக்கிற காலத்தில் அவர் உயிர்த்தெழுந்த பிறகு நடந்த கதையை எடுத்தார். வரிசை தப்பு. (வாயை மூடும், ஆண்டவரே.)

இரண்டு பேர் துக்கத்தோடு நடந்து போகிறார்கள். இயேசு கூடவே நடக்கிறார். அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று அவரே கேட்கிறார். அவருக்கு நடந்ததையே அவருக்குச் சொல்கிறார்கள், முடிவைத் தப்பாகப் புரிந்துகொண்டு. அவர் முழுவதும் கேட்கிறார். விளக்கமெல்லாம் பிறகுதான்.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. எல்லாம் தெரிந்தவர் எதற்காகக் கேட்டார் என்று இதுவரை யோசித்ததில்லை. வந்த நிலையை அளந்திருக்கிறார்! கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாகவே "அட" என்றுவிட்டேன். இனிப்பை விட்ட அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

நான்கு மணிக்கு இவரிடம் கேட்டேன்: "ஏங்க, நானும் பக்கத்துல உட்கார்ந்துக்கட்டுமா?" இவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். மகளின் போன் வந்ததும் ஸ்பீக்கரில் வைத்தார்.

"நான்தான். அன்னிக்கு நீ சொல்லி முடிக்கலை. இப்ப சொல்றியா?"

"எதை?"

"சைக்கிள் கடையை."

"பதினோரு மாசம் கழிச்சா?"

"ஆமா."

"குறுக்க பேச மாட்டியே?"

"மாட்டேன்."

"அப்பா, நீங்கதான் சாட்சி" என்றாள்.

நாற்பது நிமிடம் பேசினாள். இந்த நாற்பது நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து எழுதியது. அந்தப் பழைய வேலையில் தினமும் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஏழு மாதம். சைக்கிள் சக்கரம் ஒன்றை முதன்முதலாக நேராக்கிய அன்றுதான் அழவில்லையாம். இவருக்கும் பாதிதான் தெரியும் போல. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் மூன்று விரலையும் உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தேன்.

எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. கட்டத்தில் நான் எதையும் எழுதவே இல்லை.

மார்ச் 16, திங்கள்

கண் விழித்ததும் முதல் நினைப்பு: சக்கரத்தின் கம்பிகளில் விசை எப்படிப் பரவுகிறது என்று நேற்று அவள் சொன்னது தப்பு. வாயை மூடும்.

மார்ச் 29, ஞாயிறு

நான்கு மணி. போன் வரவில்லை. ஐந்து. வரவில்லை.

போன வாரம் ஏதாவது சொல்லிவிட்டேனா? ஒரே ஒரு தடவை "கையுறை போட்டுக்கறியா" என்று கேட்டேன். அது திருத்தமா? அக்கறை இல்லையா? இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே போடுவது?

"கடையில கூட்டமா இருக்கும், விடு" என்றார் இவர். செய்தி ஒன்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். அழித்தேன். நுண்தராசில் எதையாவது வைத்தால் கண்ணாடிக் கதவை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எண் தானாக நிற்கும். பக்கத்தில் மூச்சு விட்டால்கூட ஆடும். மூச்சு விடாமல் இருக்கப் பார்த்தேன். வாயை மூடும் என்பதோடு இன்று ஒன்று சேர்த்துக்கொண்டேன்: அவளைப் பார்த்துக்கொள்ளும். கேட்கிறவர் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

புனித வெள்ளி. மூன்று மணி நேர ஆராதனை. கடைசி பெஞ்சில்தான். ஆனால் கடைசி வரை.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். நாற்பது நாள் முடிந்தது. மதியம் நண்பர் வந்தார். இவர் என்னைப் பார்த்துக்கொண்டே காரை மறுபடி நடுவழியில் நிறுத்தினார். இந்தத் தடவை நான்கு மணி நேரம். ஆலங்கட்டி மழை. உதவிக்கு வந்தது தீயணைப்பு வண்டி.

"அப்புறம்?" என்றேன்.

இவருக்குக் கதை மேலே ஓடவில்லை. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நான்கு மணிக்கு மகளிடமிருந்து ஒரு வரி வாழ்த்து, இரண்டு பேர் போனுக்கும். குரல் இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

பதினோரு மணிக்கு வானொலி ஓடி வந்தாள், அந்த முழங்காலோடு. "வரவேற்புல ஒரு பொண்ணு. உன் மூக்கை அப்படியே வச்சிருக்கு."

முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். நகங்களில் கிரீஸ். சட்டையில் ஒரு பொத்தானைக் காணோம். பையும் கையுமாக நின்றாள். நான் பார்த்தவை நான்கு. சொன்னது, "வா."

கடையின் ஸ்பேனர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். வேண்டிய அளவு இறுக்கியதும் 'டக்' என்று சத்தம் கொடுக்கிற வகை. "அது சொல்றது தப்போன்னு சந்தேகமா இருக்கும்மா. கொஞ்சம் திருத்திக் குடேன்."

கேட்டுவிட்டாள். தானாகவே.

அளவெடுக்கும்போது பக்கத்தில் நின்றாள். "ரெண்டு வாரமா ஏன் போன் பண்ணலைன்னு நீ கேக்கவே இல்லையே?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

"நேர்ல வரலாமான்னு யோசிச்சிட்டு இருந்தேன். பயமா இருந்துச்சு." தலையைத் தடவிக்கொண்டாள். "முடி எப்படிம்மா இருக்கு? நிஜத்தைச் சொல்லு."

"காது கொஞ்சம் பெருசாத் தெரியுது."

கூடமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். பிறகு ஸ்பேனரைக் காட்டி, "சரி, இதை முடி. டீ குடிக்கப் போகலாம். இன்னொரு விஷயம் இருக்கு, கொஞ்சம் நீளம்" என்றாள்.

வந்த நிலை என்ற கட்டத்தில் எழுதினேன்: நான்கு சதவீதம் அதிக இறுக்கம். திருத்தும் திருகாணியைத் தொடவில்லை. அது நாளைக்கு ஆகட்டும் என்று மூடி வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டேன்.