உன் தோளில் நாலு விரல்

படம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வரும் என் அப்பாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது விரல்கள்தான். முருகேசன் சித்தப்பா போனில் அனுப்பிய உன் போட்டோவில், உன் வலது தோளின் மேல் நாலு விரல்.

அவை என் விரல்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. தியேட்டர் வாசலில் நீ ஷேர் ஆட்டோவின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாய். போட்டோ என்றாலே கூச்சப்படும் நான், பின் சீட்டில் உனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உன் தோளைப் பிடித்திருக்கிறேன். என் முகம் அதில் எங்கேயும் இல்லை.

நீ போன பிறகு நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். கோபப்படாதே. சிம்மக்கல்லில் ஒரு பிளெக்ஸ் கடையில் வேலை. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிறேன். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள். டிவியில் உனக்குப் பிடித்த அந்தக் குழந்தை நடிகனின் படம் போட்டால் மட்டும் சேனலை மாற்றிவிடுகிறாள்.

நேற்று சித்தப்பா கடைக்கு வந்தார். அவனியாபுரம் ஸ்டாண்டில் இன்னும் ஆட்டோதான் ஓட்டுகிறார், அந்த நடிகனின் ரசிகர் மன்றத்துக்கும் இன்னும் அவர்தான் செயலாளர்.

"உங்கப்பனுக்கு மொத வருசம் வருதுல்ல ஆத்தா, ஸ்டாண்டுல பெருசா ஒரு பிளெக்ஸ் கட்டிருவோம். நீயே செஞ்சுரு. அண்ணன நடுவுல ஆளுயரத்துக்கு நிப்பாட்டு. உங்கப்பன கீழ வட்டத்துக்குள்ள போட்டுரு."

அண்ணன் என்றது அந்த நடிகனை. சித்தப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயது. அந்த அண்ணனுக்கு இருபதுகூட இருக்காது. புதுப்படத்து ஸ்டில் ஒன்றும் கொடுத்தார். கையில் அரிவாள், சட்டையெல்லாம் ரத்தம்.

நீ ரசித்தது இவனையா அப்பா? குடும்பப் படங்களில் எட்டு வயதுப் பையனாக வந்தானே, அவனைத்தானே? அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டுத் தனித்தனியாகச் சாப்பிட, இரண்டு தட்டுச் சோற்றையும் ஒரே தட்டில் கொட்டிவிட்டு நடுவில் உட்காருவானே, அந்த இடத்தில் நீ எத்தனை முறை அழுதாய்? திரும்பி வரும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொல்வாய்: "அந்தப் பய எம்புட்டுப் பேச்சுப் பேசுறான் பாரு. நீயும் பேசு ஆத்தா, வாய்க்கு என்ன வாடகையா குடுக்குற?"

அவனுக்கு யாரோ எழுதிக் கொடுத்தார்கள் அப்பா. எனக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்? இதை ஒரு நாளாவது உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது உன் நினைவு நாளிலும் அவன்தான் பெரிது, நீ ஒரு வட்டத்துக்குள் என்கிறார்கள். அப்பாவைப் பெரிதாக வைப்போம் என்று மனசுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். வாயில் வந்தது "சரி சித்தப்பா."

அவர் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார். "தோள்ல ஏதோ புள்ள கை தெரியுது பாரு, அசிங்கமா. அத அழிச்சிரு. நான் ஒரு டீயப் போட்டுட்டு வாரேன்."

அழிக்கத் தொடங்கினேன். சுண்டுவிரல் போனது. அந்த இடத்தில் உன் காக்கிச் சட்டை மட்டும் இருந்தது. விரலைத் திரும்பக் கொண்டுவந்தேன். பிறகு அரிவாள்காரனைத் தூக்கிவிட்டு, உன்னை நடுவில், பிளெக்ஸ் முழுக்க வைத்தேன். கீழே வட்டத்துக்குள் அந்த எட்டு வயதுப் பையன். பிரிண்ட் மெஷினை ஓட விட்டேன்.

எனக்கும் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்த சித்தப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏய் பாப்பா, அண்ணன் எங்க?"

வட்டத்தைக் காட்டினேன்.

"இது அண்ணனா? பல்லு விழுந்த பயலாவுல இருக்கு! மன்றத்துல என்னைய வெளக்கமாத்தால அடிப்பாய்ங்க. நிப்பாட்டு மெசின! அழிக்கச் சொன்ன கை வேற அப்படியே இருக்கு. யாரு கை அது?"

எவ்வளவு முயன்றும் வார்த்தை வரவில்லை. என் மேலேயே ஆத்திரமாக வந்தது. கையைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். பிளெக்ஸைப் பார்த்தார். மறுபடி என் கையைப் பார்த்தார். "நிப்பாட்டு ஆத்தா" என்றார், இந்த முறை மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டில் கட்டும்போது நானும் வருவேன். மன்றத்து ஆட்கள் யார் கேட்டாலும் கையைக் காட்ட மாட்டேன், வாயைத் திறந்து சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மெஷினை நான் நிறுத்தவில்லை அப்பா.

உன் பின் சீட்டில் இருக்கும் மகள்,
பாண்டிச்செல்வி