தம்பியின் வில்லாளி

மார்ச் 3, ஞாயிறு
மதியம் முழுக்க மேசையில் விளையாட்டு. நான்தான் கேம் மாஸ்டர். கதையைச் சொல்வது, அரக்கர்களை ஏவுவது, யாருக்கு என்ன ஆயிற்று என்று தீர்ப்பது எல்லாம் என் வேலை. மருந்துக்கடைக்காரர் மந்திரவாதி, லிஃப்ட் மெக்கானிக் கோடரிக்காரன், தம்பி மனைவி திருடி. என் கூடப் பிறந்த தம்பி ஆடிய வில்லாளியை இப்போது நான் ஓட்டுகிறேன். அவன் போய் ஆறு மாதம்.

இன்று டிராகனை வில்லாளி ஒரே அம்பில் முடித்தான். யாரும் கைதட்டவில்லை.

மார்ச் 5
நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு லென்ஸை இடம் வலம் மாற்றி மாட்டிக் கொடுத்துவிட்டேன். காச்சு மூச்சென்று கத்தினார். கேட்டுக்கொண்டு நின்றேன். ஒன்றும் உறைக்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு
மெக்கானிக்கின் முறை வந்தது. “அதான் வில்லாளி இருக்காரே, அவரே பாத்துக்குவாரு. நான் குதிரையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.”

“குதிரைக்கு நான் புல்லு வெட்டுறேன்,” என்றார் மருந்துக்கடைக்காரர்.

நக்கல் புரியாமல் இல்லை. அட்டைத் தடுப்புக்குப் பின்னால்தான் பகடை உருட்டுகிறேன். இருபது முகப் பகடை; பெரிய எண் விழுந்தால் ஜெயிப்பு. விழும் எண் எனக்கு மட்டும் தெரியும். வில்லாளிக்கு இன்று விழுந்தது மூன்று. பத்தொன்பது என்று சொன்னேன். இது எத்தனையாவது தடவை?

மார்ச் 17, ஞாயிறு
மெக்கானிக் வரவில்லை. லிஃப்ட்டில் யாரோ மாட்டிக்கொண்டார்களாம். இருக்கலாம்.

ஆட்டம் முடிந்து தம்பி மனைவி டம்ளர்களைக் கழுவினாள். திரும்பாமலே பேசினாள். “அண்ணி, அவரு எந்தச் சண்டையில ஜெயிச்சாரு, சொல்லுங்க. கதவைத் திறக்கப் போய்க் கதவோட விழுவாரு. அதுக்குத்தான அப்படிச் சிரிப்போம்? நீங்க வச்சிருக்கிற ஆளு யாருன்னே எனக்குத் தெரியல.”

கழுவிய டம்ளர்களைத் துடைத்து அடுக்கினேன்.

“எனக்கு அங்க வேலையே இல்ல அண்ணி. இனிமே வரணுமான்னு இருக்கு.”

மார்ச் 18
இவளும் நின்றுவிட்டால் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாவிட்டால் அவளுக்கும் எனக்கும் என்ன பேச்சு? எந்தச் சாக்கில் அவள் இந்த வீட்டுப் படி ஏறுவாள்?

ஆஸ்பத்திரியில என்னால ஒண்ணும் பண்ண முடியல. சும்மா நின்னேன். இங்க முடியுது — ஒரு நம்பர் மாத்திச் சொன்னாப் போதும். அதைப் போய் விடுன்னா எப்படி விடுறது? விட்டா செத்துடுவானே —

எழுதிவிட்டேன். அழுகை வரவில்லை.

மார்ச் 24, ஞாயிறு
ஆட்டம் இல்லை. மூவருக்கும் போன் போட்டேன். அடுத்த வாரம் தடுப்பு கிடையாது, பகடை எல்லோர் கண்முன்னாலும் உருளும் என்றேன்.

“வில்லாளிக்குமா?” என்றார் மெக்கானிக்.

“அவனுக்கும்தான்.”

மார்ச் 31, ஞாயிறு
மூவரும் வந்தார்கள். கதையில் ஓர் ஆறு, குறுக்கே இற்றுப்போன மரப்பாலம். வில்லாளிக்காகப் பகடையை எடுத்தேன். உருட்டக் கை வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள்.

தம்பி மனைவி என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் வில்லாளிக்காக நிறுத்தியிருந்த சிறு பொம்மையைப் பார்த்தாள். திருடி பேசுவதுபோலத்தான் பேசினாள். “பாலம் நாலு பேரைத் தாங்காது. நாங்க போறோம். நீங்க இங்கயே இருங்க.”

ஆட்ட விதிப்படி அவனுக்காக நான்தான் பதில் சொல்ல வேண்டும். தண்ணீர் குடித்தேன்.

“சரி. பாத்துப் போ,” என்றேன்.

அவள் உருட்டினாள். நான்கு. பலகை உடைந்து திருடி ஆற்றில் விழுந்தாள். மெக்கானிக் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். “கயிறு! என்கிட்ட கயிறு இருக்கு!” மருந்துக்கடைக்காரரின் மந்திரம் தப்பிப்போய்க் கயிறு தீப்பிடித்தது. மூவரும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து ஒருவழியாக மூவரும் எதிர்க்கரையில் ஏறினார்கள். தம்பி மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

“இந்தப் பக்கம் என்ன இருக்கு அண்ணி?” என்றாள்.

வில்லாளி இல்லாத கரைக்கு நான் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. யோசித்து யோசித்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன்.