என் தூக்கத்துக்கு ஒரு கான்ட்ராக்ட்

ஐப்பசி 12, புதன்

தூக்கம் வரவில்லை. அதை அளக்கிற கடிகாரம் அடுத்த வாரம்தான் கைக்கு வரும். அதனால் இன்றைய விழிப்பை விற்க முடியாது.

ஷிஃப்டு மாறி மாறி வேலை பார்ப்பவர்கள் எப்போது தூங்குகிறார்கள், எப்போது விழிக்கிறார்கள் என்ற விவரத்தை ஒரு கம்பெனி விலைக்கு வாங்குகிறது. எத்தனை நாளுக்குக் கொடுப்பது என்பது நம் முடிவாம். சுரங்கத்தில் என்னோடு கன்வேயருக்கு அடியில் மண் அள்ளும் ஜரீனாதான் சொன்னாள். மதியம் சாப்பிட்டதும் என் போனில் படிவத்தை நிரப்பினோம். கடைசிக் கேள்வி: உங்கள் அனுமதி மூன்று மாத ஒப்பந்தமா, நிரந்தரமா?

நிரந்தரம் என்ற சொல்லைப் பார்த்ததும் என் விரல் தானாக அதில் போய் விழுந்தது. பதினேழு வருஷமாகக் கான்ட்ராக்டில் இருப்பவளின் விரல், வேறெங்கே போகும்!

"அடியே, இன்னா பண்ணிகினு இருக்கிற? பர்மனென்ட்டு உனக்கில்லடி, அவனுக்கு! காலத்துக்கும் உன் தூக்கம் அவன் கையில பூடும்" என்று ஜரீனா போனைப் பிடுங்கினாள்.

நல்லவேளை, இன்னும் அனுப்பியிருக்கவில்லை. மூன்று மாதம் என்று மாற்றினேன்.

"அதுக்கப்புறம்?"

"ஒழுங்கா நடந்துகினா நீட்டிக்கொடு. இல்லன்னா நிறுத்திடு. உன் இஷ்டம்."

எங்கள் கான்ட்ராக்டர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எங்களிடம் சொல்வதும் இதேதான்! இருவரும் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தோம். இப்போதும் சிரிப்பு அடங்கவில்லை. ஒரு முழுக் கம்பெனியை நான் கான்ட்ராக்டில் வைத்திருக்கிறேன்.

ஒழுங்காக நடந்துகொள்ளட்டும். தையில் பார்க்கலாம்.