பனிக்கூடத்தில் அப்பா

டிசம்பர் 21, ஞாயிறு

நாகலூரில் எங்கள் காபித் தோட்டத்தில் பாதியைச் சேலத்துக்காரர் ஒருவர் குத்தகைக்குக் கேட்கிறார். செயற்கைப் பனிக்கூடமும் உணவகமும் கட்டுவாராம். முடிவை அப்பா என்னிடம் விட்டுவிட்டார். நாளைக் காலை சொல்ல வேண்டும். ஏற்காட்டில் அந்தச் சேலத்துக்காரர் நடத்தும் பனிக்கூடத்தைப் பார்த்தால் அப்பாவே வேண்டாம் என்பார் என்று நம்பி, இன்று அழைத்துப் போனேன்.

அப்பா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு பனியில் இறங்கினார். சேர்வராயன் கோயில் குகைக்குள் நுழைவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏனுங்க, பூட்ஸ் போடுங்க! காலு வெறச்சுப்போயிருமுங்க," என்று காவலாளி ஓடிவந்தார்.

"நம்ம சாமி குகையிலயும் இப்படித்தானுங்க சில்லுனு இருக்கும்," என்றார் அப்பா.

பிறகு பூட்ஸ் மாட்டிக்கொண்டு சறுக்கினார், விழுந்தார், மறுபடி சறுக்கினார். அவர் இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. மாடி உணவகத்தில் நூடுல்ஸைக் கையால் பிசைந்தபடி கேட்டார்: "நொம்ப நல்லாருக்கு கண்ணு. குடுத்துரலாமா?"

சொல்ல வைத்திருந்த 'வேண்டாம்' வரவில்லை. அந்த 'வேண்டாம்' தோட்டத்துக்காகவா, லீவுக்கு மட்டும் வந்துபோகும் எனக்காகவா? பனிக்கூடத்தில் நுழையும்போது அவர் எதற்குத் தலை குனிந்தார்?

வீட்டில் இரவு இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையிலிருந்து அப்பாவின் குரல். "கண்ணு, தூங்கிட்டியா?"

தூங்கிவிட்டதுபோல இருந்துவிடலாம். ஆனால் என் விளக்கு வெளிச்சம் கதவிடுக்கில் அவருக்குத் தெரியும்.