ஒரு வயதுக்குள் குழந்தை உள்ளவர்கள் மட்டும்

மார்ச் 4

தடுப்பூசி அறை வாசலில் மூன்று மணி நேரம். ஆய்வுக்கு ஆள் சேர்க்க நாற்பது தாள் கொண்டுபோனேன், முப்பத்தொன்பது திரும்பி வந்தது. ‘புலம்பெயர்ந்த தாய்மாரின் மனநல ஆய்வு.’ மனநலம் என்று படித்ததும் கை சுட்டதுபோல் திருப்பி நீட்டுகிறார்கள். “நான் நல்லாத்தான் இருக்கேன்கா.” கருவளையத்தோடு எல்லாரும் நல்லாத்தான் இருக்கிறார்கள்! சின்னவள் பிறந்தபோது நானும் இதையேதான் சொல்லித் திரிந்தேன்.

வாங்கிக்கொண்டவள் ஒருத்திதான். ஐந்து மாத இரட்டைப் பிள்ளைகள். “அழுகையே வராம இருக்கறதையும் கேப்பீங்களாக்கா?” கேட்போம் என்றேன். வீட்டு போன் எண்ணை எழுதிக் கொடுத்தாள்.

மார்ச் 6

முதலில் பெயரைக் கேள், அவர்தானா என்று உறுதி செய், அப்புறம் ஆய்வைப் பற்றி வாயைத் திற – பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். இன்று அவள் வீட்டுக்குப் போன் போட்டு நான் என்ன செய்தேன்? “சொல்லுங்க” என்று தமிழில் ஒரு குரல். இந்த அயல்நாட்டு ஊரில் போனில் தமிழ் கேட்ட சந்தோஷத்தில், மனநல ஆய்வு, அழுகை வரவில்லை என்றீர்களே – ஐயோ, அதையும் – எல்லாம் கொட்டிவிட்டேன்.

அது மாமியார்.

“எங்க வீட்ல யாருக்கும் பைத்தியம் இல்ல.” போனை வைத்துவிட்டார்.

மார்ச் 7

ஆய்வாளர் மேடத்திடம் சொன்னேன். “நாம திரும்பக் கூப்பிடக் கூடாது. அவங்களா வந்தாத்தான்.” திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பொண்ணு இனி யார்கிட்ட வாயத் திறப்பா? நானே கெடுத்துட்டேனே, பாவி.

மார்ச் 12

சோறு இறங்கவில்லை. சின்னவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “காய்ச்சல் இல்லையேம்மா” என்றாள்.

மார்ச் 18

குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள். இரட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு வயதான அம்மா வந்தார். பின்னால் அவள், தலைகூட வாராமல்.

“போன்ல பேசினது நீதானே?” அதே குரல். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாரானேன்.

“வாய்க்கு வந்தத பேசிட்டேன். போன வச்சப்புறம்தான் இவ முகத்த சரியா பாத்தேன். உள்ள கூட்டிட்டுப் போ. எவ்வளவு நேரமானாலும் இதுங்கள நான் பாத்துக்கறேன்.”

பாதிக் கேள்வியிலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “வந்துடுச்சுக்கா” என்றாள், தொலைத்த சாவி கிடைத்ததுபோல. மருத்துவரைப் பார்க்க மேடம் உடனே நேரம் வாங்கிக் கொடுத்தார். நான் கழிவறைக்குப் போய் அழுதேன்.

மார்ச் 25

மாமியார் தனியாக வந்தார். மருமகள் தூங்குகிறாளாம், பட்டப்பகலில்! பிள்ளைகள் மகனிடம். பையிலிருந்து நம் தாளை எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தார். ஒரு வயதுக்குள் குழந்தை உள்ளவர்கள் மட்டும்.

“என் புள்ளைக்கு முப்பத்திரண்டு. இதே ஊர்லதான் பொறந்தான். எட்டு மாசம் நான் ஜன்னல் திரைய விலக்கல. ஏன்னு ஒருத்தர் கேக்கல. என்னையும் சேத்துப்பீங்களா?”

விதிப்படி முடியாது என்றேன்.

“தெரியும்மா.” எழப் போனார்.

“உக்காருங்கம்மா.” பேனாவை மூடி வைத்துவிட்டு முதல் கேள்வியைக் கேட்டேன்.