பிரேக் குழாயைப் பிடித்த கை

இன்று காலை பால் வாங்கப் போனபோது ஒரு வொர்க்‌ஷாப் வாசலில் நின்றுவிட்டேன். உள்ளே ஏதோ வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சூடேறிய ரப்பர் வாடை. "என்ன அண்ணாச்சி, தலை சுத்துதா?" என்று பால்காரர் கேட்டார். இல்லை என்றேன். நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

உலக யுத்தம் முடிந்து பட்டாளத்து லாரிகளை ஏலம் விட்டார்கள். உப்பு ஏற்றலாம் என்று நானும் ஒன்றை எடுத்தேன். நமக்குக் கல்யாணமான புதிது. பெட்ரோல் கிடைப்பதே பெரும்பாடு என்பதால் அதில் டீசல் இன்ஜினை மாட்டினேன். வண்டி நன்றாகத்தான் ஓடியது. பிரேக் பெடல் மட்டும் மிதிக்க முடியாதபடி கல்லாக இறுகிவிட்டது. பழைய இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது அந்த இழுப்பில்தான் பிரேக்குக்குப் பலம் கிடைத்துவந்தது. டீசலில் அந்த உறிஞ்சல் இல்லை. காற்றை வெளியேற்றத் தனியாக ஒரு பம்பு வைத்து, அதிலிருந்து பிரேக்குக்குக் குழாய் இணைக்க வேண்டியதாயிற்று.

குழாய்களை நான் மாட்டிக்கொண்டிருந்த அன்று நீ மதியச் சோறு கொண்டு வந்தாய். கடற்காற்றில் கொட்டகைத் தகரம் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏளா, இந்த முனையில கைய வையி" என்றேன்.

வைத்தாய். குழாய் உன் உள்ளங்கையைக் கவ்வியது. நீ பதறவில்லை.

"உள்ள என்னது இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல. இருந்த காத்தயும் பம்பு எடுத்துட்டுது."

"ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டு பெலம்?"

சோறு ஆறிப்போகும்வரை நீ கையை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாய்.

உன் தம்பி கல்யாணத்துக்கு விளாத்திகுளம் போக வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு உப்பு லோடும் அமைந்ததால் நீயும் லாரியிலேயே வந்தாய். அந்த வண்டியில் இன்ஜின் நம் இருவருக்கும் நடுவில், ஒரு இரும்பு மூடிக்குள் இருக்கும். வழியில் ஒரு கண்மாய்க் கரையிலிருந்து ரோடு சடாரென்று இறங்கியது. பெடலை மிதித்தேன். அசையவில்லை. எழுந்து நின்று மிதித்தேன். கை பிரேக்கை இழுத்தேன். அத்தனை மூட்டைகளின் பாரத்துக்கு அது எந்த மூலைக்கு? கீழே சந்தை கூடியிருந்தது. மாட்டு வண்டிகள், ஆடுகள், ரோட்டிலேயே கூடையை இறக்கி வைத்திருந்த பெண்கள். ஹாரனிலிருந்து நான் கையை எடுக்கவில்லை.

"இங்கன புஸ்ஸுங்குது" என்று சொல்லிக்கொண்டே நீ இன்ஜின் மூடியைத் திறந்தாய். பம்பிலிருந்து பிரேக்குக்குப் போகும் ரப்பர் குழாய் பிளந்திருந்தது. ஒரு கையால் அதை இறுகப் பிடித்து, பிளவின்மேல் மறு உள்ளங்கையை அழுத்தினாய். அந்தச் சூட்டில் என் முரட்டுக் கைகூடத் தாங்கியிருக்காது.

"மிதிங்க."

மிதித்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு என் காலடியில் பெடல் மெல்ல இறங்கியது. லாரி முனகி, குலுங்கி, ஒரு மாட்டு வண்டிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. "ஏலே, உனக்குக் கண்ணு எங்கன இருக்கு?" என்று வண்டிக்காரர் வைதுகொண்டே வந்தார். நான் உன் பக்கம் திரும்பினேன். உன் கை இன்னும் குழாயின் மேலேயே இருந்தது.

"விடுளா, போதும்."

"நான் எங்க புடிச்சிருக்கேன்? அதுல்லா என்னயப் புடிச்சிருக்கு."

சொல்லிவிட்டுக் குனிந்து அதையே பார்த்தாய். இன்ஜினை அணைத்த பிறகுதான் கை வந்தது. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். நான் பயத்தில் செத்துக்கொண்டிருந்தேன், நீ வியந்துகொண்டிருந்தாய்.

கல்யாண வீட்டில் எல்லாரும் உன் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்து விசாரித்தார்கள். காற்றே இல்லாத ஒரு குழாய் உப்பு லாரியை நிறுத்திய அதிசயத்தை நீ ஒவ்வொருவருக்கும் சொன்னாய். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பந்தியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நான் இலையை விட்டுவிட்டு உன்னையே பார்த்தேன்.

அதன் பிறகு எத்தனையோ காலம் லாரி ஓட்டினேன். கடலும் மலையும் பார்த்தேன். அன்று உன்னைப் பார்த்து மலைத்ததுபோல் வேறு எதன் முன்னாலும் நான் மலைத்து நின்றதில்லை. உயிர் போகிற இறக்கத்திலும் ஒன்றைக் கண்டு அதிசயிக்கிற மனசு ஒருத்திக்கு இருந்தது, அவள் எனக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.