ஒற்றைத் தோளில் உறுமி

ஆடி, ஞாயிற்றுக்கிழமை இரவு.

இன்று செமோர் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தம்பி உறுமி வாசித்தான். அந்தக் கனமான மேளத்தை எப்போதும் இடது தோளில் ஒற்றைப் பட்டையில்தான் தொங்கவிடுவான். கழுத்து நரம்பு அழுந்துகிறது, பாரத்தை இரண்டு தோளுக்கும் பிரிக்க வேண்டும், நடுநடுவே இறக்கி வைக்க வேண்டும் என்று பிசியோதெரபி செய்யும் பெண் எச்சரித்திருந்தாள். அதற்காக அகலமான இரட்டைப் பட்டை தைத்துக் கொடுத்தேன். காலையில் மாட்டியும் கொண்டான்.

குழுவில் இருந்த ஒரு பையன், "என்னாண்ணே, ஸ்கூல் பேக்கா? சாமி அழைக்கப் போறோமா, டியூஷனுக்கா லா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்துக்கொண்டே பட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தான்.

"நடுவுல இறக்கியாவது வைடா."

"அருள் வந்து ஆடுறவங்க முன்னாடி எப்படிக்கா நிறுத்துறது?"

ஓர் அம்மாவுக்கு வந்த அருள் நெடுநேரம் இறங்கவேயில்லை. அவர் அடங்கும்வரை தம்பி குனிந்தபடியே வாசித்தான். அவன் கழுத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது அவனால் இடது கையால் மோட்டார்சைக்கிள் கிளட்சைப் பிடிக்க முடியவில்லை. வண்டியைக் கோயிலிலேயே விட்டுவிட்டு என் காரில் ஏறிக்கொண்டான். அடுத்த வாரம் பீடோர் கோயிலிலும் வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறான்.

"ரொம்ப வலிக்குதாடா?"

"வலிச்சாக்கூட நல்லாருக்கும்க்கா. ஒண்ணுமே தெரியல."

வீட்டு வாசலில் கார் நின்றதும், தன் இடப்பக்கம் இருந்த கார்க் கதவை வலது கையால் எட்டித் திறந்தான். நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.